பெயரில் இல்லை, படத்தின் வகை

ஓர்ஸ் ஹில்லில் ஒருவர் கைப்பேசியில் கோணேஸ்வரம் கோயிலின் படத்தைத் திறக்க, புரியாத எழுத்துக் குவியல் வந்தால், கோப்பின் பெயரில் ‘.ஜேபிஜி’ என்ற பின்னொட்டு இல்லாததே காரணம் என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1996இல் வெளியான, வலையில் கோப்புகளைப் பரிமாறும் நெறிமுறையான எச்டிடிபி 1.0, கோப்பின் வகையை ‘கன்டென்ட்-டைப்’ என்ற தலைப்பில் அறிவிக்க வழி செய்தது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரியில் பின்னொட்டே வேண்டாம் என்று 1998இல் எழுதினார். ஆனால் அப்பாச்சி போன்ற வழங்கிகள் பின்னொட்டைப் பார்த்தே வகையை முடிவு செய்தன. கோப்புகளின் நகலைத் தற்காலிகமாகச் சேமிக்கும் கேச் மென்பொருள் படத்தைப் பின்னொட்டின்றிச் சேமித்து, உடன்வந்த தலைப்பையும் கைவிட்டால், வழங்கிக்கு வேறு சான்று இல்லை. 2012இல் அப்பாச்சியின் 2.4 பதிப்பு வரும்வரை, வகை தெரியாத கோப்பை வெறும் எழுத்து என்று அறிவிப்பதே அதன் இயல்பான அமைப்பாக இருந்தது.

உலாவியே கண்டுகொள்ளாதா என்று கேட்கலாம். பிஎன்ஜி, ஜேபெக் கோப்புகளின் முதல் பைட்டுகளே அவற்றின் வகையைக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் உலாவியின் அந்த ஊகத்தைப் பயன்படுத்தி, படம் என்ற போர்வையில் தீய நிரலை ஓடவைக்க முடிந்தது. அதைத் தடுக்கவே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 உலாவி, வகையை ஊகிக்காதே என்னும் ‘நோஸ்னிஃப்’ ஆணையைக் கொண்டுவந்தது. ஆகவே ஊகம் தீர்வாகாது. படத்தைச் சேமிக்கும் மென்பொருள் அதன் வகையையும் சேர்த்தே சேமிக்க வேண்டும். அது வழங்குபவரின் கடமை.