தெருவைப் பார்க்கும் இரயில் நிலையம்

தருமபுரி மாவட்டத்தில் பழைய நடுகற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊருக்காக உயிர் நீத்தவனின் உருவத்தை எல்லோரும் காண வேண்டும் என்றே அவை பொது இடத்தில் நடப்பட்டன. ஏரியூர் மாணவருக்கு நன்கு விளங்கக்கூடிய இக்கருத்து, நகரத்து இரயில் நிலையத்துக்கும் பொருந்தும்.

நிலத்துக்கு அடியிலுள்ள நிலையத்தின் அழகு பயணிகளுக்கு மட்டுமே உரியது. தூண்களின் மேல் நிற்கும் நிலையமோ தெரு முழுவதற்கும் தெரிகிறது. இதை நன்குணர்ந்தவர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர். 1898-இல் வியன்னாவில் நகர இரயில் ஓடத் தொடங்கியது. அதன் நிலையங்கள், பாலங்கள், கம்பித் தடுப்புகள், விளக்குகள் யாவும் அவர் வகுத்த ஒரே பாணியில் அமைந்தன.

சென்னையில் பறக்கும் இரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடியது. 1997-இல் திருமயிலையையும், 2004-இல் திருவான்மியூரையும், 2007-இல் வேளச்சேரியையும் எட்டியது. நெரிசலான நகரில் நிலம் கிடைப்பது அரிது. ஆகவே பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டி அமைந்தது. கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று நிலையங்களை மிகப் பெரியனவாகக் கட்டினர். அவ்விடங்களில் பல நெடுங்காலம் காலியாகவே கிடந்தன. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் கான்கிரீட் சுவர்தான்.

இந்திரா நகர் நிலையத்தின் சுவரில் 2020-21-இல் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஏ-கில் என்னும் பெயரில் வரையும் ஓவியர், சாதாரண மக்களின் முகங்களை அங்கே பேருருவில் தீட்டினார். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களை ஒதுக்கலாகாது என்பதே அவ்வோவியத்தின் செய்தி. ஒருவருக்குத் தொற்று உண்டா, இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதன்றோ?

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனீதி சாலமன் அம்முயற்சிக்கு வழிகாட்டினார். தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ, இரயிலில் ஒரே இருக்கையில் அமர்வதாலோ இக்கிருமி பரவாது. மருந்தை நாள்தோறும் தவறாது உட்கொள்பவர் நெடுங்காலம் நலமாக வாழலாம். ஆனால், ஊர் ஒதுக்கிவிடுமோ என்று அஞ்சிப் பரிசோதனைக்கே வராதவர்கள் உண்டு. அவர்களுக்கு மருத்துவம் காலந்தாழ்ந்தே கிடைக்கிறது. இங்கு உயிரைப் பறிப்பது கிருமி மட்டுமன்று; அறியாமையும்தான்.

மருத்துவமனைச் சுவரொட்டியைத் தேடிச் சென்று படிப்பவர் சிலரே. நிலையத்தின் சுவரையோ, பேருந்தில் போகிறவரும் நடந்து போகிறவரும் காண்கின்றனர். 2015-இல் தொடங்கிய சென்னை மெட்ரோவிலும் உயர்மட்ட நிலையங்கள் பல உள்ளன. அச்சுவர்களை விளம்பரங்களுக்கு மட்டும் விட்டுவிடலாமா? நீங்களே எண்ணிப் பாருங்கள்.