125ஆம் தெருவின் தையல் கடை

2015க்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள், மிலான், பாரிஸ், நியூயார்க் பேஷன் காட்சிகளின் முன்வரிசைப் படங்களைப் பார்த்தால் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்ததுபோல இருக்கும். பத்திரிகை ஆசிரியர்கள், பெரிய கடைகளுக்குக் கொள்முதல் செய்பவர்கள், நடிகைகளுக்கு உடை தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர்கள் எனப் பலருடைய கால்களிலும் ஒரே செருப்பு. குதிகால் பக்கம் திறந்து, உள்ளே ரோமம் வைத்துத் தைத்த தோல் செருப்பு. குச்சி நிறுவனத்தின் தயாரிப்பு. (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். 1921இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் குச்சியோ குச்சி என்பவர் தொடங்கிய தோல்பொருள் கடை அது.) அலெஸாண்ட்ரோ மிக்கேலே என்ற வடிவமைப்பாளர் 2015இல் பொறுப்பேற்றதும் பேஷன் உலகமே அந்த ஒரு முத்திரையின் பின்னால் போனது.

உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள உடம்பில் ஓர் அடையாளம் வேண்டும். பூணூலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

அந்த அலை உச்சத்தில் இருந்த 2017 மே மாதம், பிளாரன்ஸின் பிட்டி அரண்மனையில் குச்சி ஒரு காட்சி நடத்தியது. அதில் ஒரு ஜாக்கெட் வந்தது. ரோம உடம்பு, பலூன் போல உப்பிய கைகள், கை முழுக்க நிறுவனத்தின் இரட்டை ஜி எழுத்து. படம் வெளியான உடனேயே அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து கோபம் கிளம்பியது. ஒலிம்பிக் ஓட்டப்பந்தய வீராங்கனை டயன் டிக்ஸன் தன் பழைய புகைப்படத்தை எடுத்துப் போட்டார். 1989இல் அவர் அணிந்திருந்த அதே ஜாக்கெட். ஒரே வித்தியாசம், அதன் கைகளில் இருந்தது லூயி விட்டோனின் எழுத்து. அதைத் தைத்தது பிளாரன்ஸும் இல்லை, பாரிஸும் இல்லை. நியூயார்க்கின் கறுப்பினக் குடியிருப்பான ஹார்லெமில், கிழக்கு 125ஆம் தெரு, 43ஆம் எண் கடை.

அந்தக் கடைக்காரர் பெயர் டேனியல் டே. 1944இல் ஹார்லெமிலேயே பிறந்தவர். ஊர் அவரை 'டாப்பர் டான்' என்று அழைத்தது. மிடுக்காக உடுத்துபவன் என்று பொருள். சூதாட்டத்தில் கெட்டிக்காரர். எந்த டிசைன் கல்லூரியிலும் படித்தவரல்ல. 1982இல் கடை திறந்தபோது ரோமக் கோட்டுகள்தான் விற்றார். கறுப்பர் என்பதால் மொத்த வியாபாரிகள் பலர் அவருக்குச் சரக்குக் கொடுக்க மறுத்தார்கள். கொடுக்காவிட்டால் என்ன, நானே தைக்கிறேன் என்று இறங்கினார். செனகல் நாட்டிலிருந்து வந்த தையல்காரர்களை வேலைக்கு வைத்தார். இருபத்து நான்கு மணி நேரமும் கடை திறந்திருக்கும்.

ஒரு நாள் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் லூயி விட்டோன் கைப்பையோடு வந்தபோது அங்கிருந்த எல்லோருடைய கண்ணும் அந்தப் பையின் மேலேயே நின்றது. சின்னப் பைக்கே இந்த மரியாதை என்றால், உடம்பு முழுக்க அந்த எழுத்து இருந்தால்? முதலில் குச்சி கடையிலிருந்தே பைகளை வாங்கி, வெட்டி, உடையில் ஒட்டுத் தைத்தார். அது கட்டுப்படியாகவில்லை. பிறகு தோலின் மேல் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வதைத் தானாகவே கற்றுக்கொண்டார். நமது ஊர்களில் சுவரொட்டிக்கும் கல்யாணப் பைக்கும் அடிக்கிறார்களே, அதே தொழில்நுட்பம்தான். தோலில் மை நிற்க வைப்பதுதான் கஷ்டம்.

எல்.எல். கூல் ஜே, மைக் டைசன், எரிக் பி. - ரக்கிம் எனப் பட்டியல் நீளும். 1987இல் வந்த 'பெய்ட் இன் ஃபுல்' இசைத்தொகுப்பின் அட்டையில் எரிக் பி.யும் ரக்கிமும் அணிந்திருக்கும் குச்சி ஜாக்கெட்டுகளை குச்சி செய்யவேயில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். லூயி விட்டோன் அன்று பெட்டியும் பையும் செய்யும் கம்பெனி. அது ஆயத்த உடைகளை முதன்முதலில் காட்சிக்கு வைத்தது 1998இல். ஹார்லெம் இளைஞர்கள் லூயி விட்டோன் கோட்டு போட்டுத் திரிந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகு. இல்லாத பொருளுக்கு எப்படிப் 'போலி' செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அவரைப் புனிதராக்கத் தேவையில்லை. அவருடைய பெரிய வாடிக்கையாளர்களில் போதைப்பொருள் வியாபாரிகளும் இருந்தார்கள். அந்தப் போதை அழித்ததும் அதே ஹார்லெம் பிள்ளைகளைத்தான். ஆனால் அந்தத் தெரு இளைஞன் ஏன் அந்த எழுத்தை அவ்வளவு விரும்பினான் என்பதற்குப் பின்னே நீண்ட வரலாறு இருக்கிறது. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ச்சி செய்தார்கள். அடுத்த ஆண்டே வந்த சட்டம் எழுதக் கற்பதோடு உடுத்துவதையும் கட்டுப்படுத்தியது. அடிமைகள் எந்தெந்த முரட்டுத் துணிகளை உடுத்தலாம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டது. அதைவிட உயர்ந்த துணியில் ஓர் அடிமையைக் கண்டால் அதைப் பறித்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும்போது ராமநாதபுரம் ஞாபகம் வராமல் இருக்குமா? 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே.எச். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, மாடுகள் சூறையாடப்பட்டன. அடுத்த ஆண்டு எட்டு பதினொன்றானது.

அது பழைய கதை என்று சொல்பவர்களுக்கு 2012ஐ நினைவூட்டலாம். தருமபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் குடியிருப்புகளும் எரிக்கப்பட்ட பிறகு, பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் ராமதாஸ் வைத்த குற்றச்சாட்டில் தலித் இளைஞர்களின் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் இடம்பெற்றன. எரிந்த வீடுகள் இருநூறுக்கும் மேல். பேசப்பட்டதோ கண்ணாடியைப் பற்றி.

ஹார்லெமுக்குத் திரும்புவோம். 1988 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை டைசன் தன் ஜாக்கெட்டை வாங்க 125ஆம் தெருவுக்கு வந்தார். அங்கே மிட்ச் கிரீன் என்ற இன்னொரு குத்துச்சண்டை வீரரோடு கைகலப்பு. டைசனின் கை உடைந்தது. மறுநாள் செய்திகளில் கடையின் பெயர் வந்தது. ஐரோப்பிய நிறுவனங்களின் வழக்கறிஞர்களும் கவனித்தார்கள். அதன் பின் ரெய்டுக்கு மேல் ரெய்டு. தைத்த கோட்டுகள், தோல், இயந்திரங்கள் எல்லாம் அள்ளிச் செல்லப்பட்டன. 1992இல் கடை மூடப்பட்டது. இறுதி அடி கொடுத்த ஃபெண்டி நிறுவனத்தின் வழக்கறிஞர்களில் ஒருவர் சோனியா சோட்டோமயோர். பிராங்க்ஸில் ஏழை போர்ட்டோ ரிக்கோ குடும்பத்தில் வளர்ந்து, பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். வரலாறு நாம் கேட்கும் வரிசையில் ஆட்களை நிறுத்துவதில்லை.

சட்டப்படி நிறுவனங்கள் சொன்னது சரிதான். அடுத்தவருடைய வணிகச் சின்னத்தை அனுமதியின்றி அச்சிட்டார். நாம் பார்க்க வேண்டியது அந்தச் சட்டம் எதைக் காக்கிறது என்பதை. அமெரிக்கச் சட்டத்தில் பெயருக்கும் சின்னத்துக்கும் பலமான காப்பு உண்டு. உடையின் வெட்டுக்கும் வடிவத்துக்கும் பெரும்பாலும் கிடையாது. கை எப்படி உப்ப வேண்டும், ரோமம் எங்கே முடிந்து தோல் எங்கே தொடங்க வேண்டும் என்பது டேயின் மூளையிலும் செனகல் தையல்காரர்களின் விரல்களிலும் இருந்தது. அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே டே குச்சியின் எழுத்தை எடுத்தபோது ரெய்டு வந்தது. குச்சி டேயின் ஜாக்கெட்டை எடுத்தபோது கைதட்டல் வந்தது. கேள்வி எழுந்ததும் நிறுவனம் அதற்கு 'மரியாதை செலுத்துதல்' என்று பெயர் வைத்தது.

கறுப்பின மக்கள் விடவில்லை. நிறுவனம் டேயைத் தேடி வந்தது. 2017லேயே அவரைத் தன் விளம்பரத்தில் நிறுத்தியது; 2018 ஜனவரியில் ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் குச்சியின் ஆதரவோடு அவருடைய புதிய தையலகம் திறந்தது. அப்போது அவருக்கு வயது 73. விலைபோய்விட்டார் என்று அப்போதும் சிலர் சொன்னார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் பெயர்ப்பலகை இல்லாமல் தைத்த மனிதரைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2019 பிப்ரவரியில் குச்சி ஒரு கறுப்பு ஸ்வெட்டர் விற்றது. முகத்தின் பாதியை மூடும், வாய் இருக்கும் இடத்தில் பெரிய சிவப்பு உதடு. கறுப்பர்களைக் கேலி செய்ய வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி ஆடிய பழைய நாடகங்களின் அதே முகம். விலை 890 டாலர். எதிர்ப்பு வெடித்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றது. அப்போது டே நிறுவனத்தின் தலைமை அதிகாரியை ஹார்லெமுக்கு வரச் சொன்னார். மார்கோ பிட்ஸாரி இத்தாலியிலிருந்து வந்தார், ஹார்லெமில் உட்கார்ந்து பதில் சொன்னார்.

ஒரு காலத்தில் பைகளை வெட்டியும், பிறகு மை கலந்து தானே அச்சிட்டும் உருவாக்கிய அந்த எழுத்துத் துணியை, புதிய தையலகம் திறந்த பின் இத்தாலியிலிருந்து நிறுவனமே அவருக்கு அனுப்பியது. புதிய இடம் பழைய கடைபோல இரவெல்லாம் திறந்திருக்கவில்லை. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.