பெங்களூரில் ஒரு ராத்திரி தங்க...

"ஃபிளாட்டை மாச வாடகைக்கு விடாதே, நாள் வாடகைக்கு விடு, காசு கொட்டும்." வார இறுதி விருந்துகளில் அடிக்கடி காதில் விழும் யோசனை. நம்மில் பலருக்கு பெங்களூரில் ஒரு ஃபிளாட் பூட்டிக் கிடப்பதால் இந்தப் பழங்கதை.

இன்று அண்ணாந்து பார்க்கிற தாஜ் வெஸ்ட் எண்ட், 1887-ல் பிரான்சன் என்ற வெள்ளைக்கார அம்மணி பத்து அறைகளோடு ஆரம்பித்த விடுதிதான். சாமானியர்களுக்கு ரயிலடிப் பக்கம் குப்பி தோட்டதப்பா சத்திரம், 1903-லிருந்து. பென்ஷன்காரர் ஊருக்கு இதெல்லாம் போதுமாக இருந்தது.

அப்புறம் நம்ம பொட்டி தட்டும் கூட்டம் வந்ததே! 2005 வாக்கில் நட்சத்திர ஓட்டல்களின் சராசரி வாடகை நாட்டிலேயே பெங்களூரில்தான் அதிகம். யெலஹங்காவில் விமானக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் கேட்கவே வேண்டாம். புது ஓட்டல் கட்ட நிலம், அனுமதி என்று வருஷக்கணக்காகும். ஃபிளாட்டுக்கோ நாலு கட்டில், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு சமையல்காரர் போதும். கம்பெனிகள் கோரமங்களாவிலும் இந்திரா நகரிலும் வீடுகளை எடுத்து 'கெஸ்ட் ஹவுஸ்' ஆக்கின. நானும் அப்படி ஒன்றில் ஆறு வாரம் இருந்தவன்தான். ரசம் மட்டும் வாயில் வைக்க முடியாது!

ஓட்டல்காரர்களும் சும்மா இல்லை. ஆயிரம் ரூபாய்க்குள் சுத்தமான அறை என்று டாடா குழுமம் 2004-ல் ஒயிட்ஃபீல்டில் 'இண்டிஒன்' திறந்தது (பிற்பாடு 'ஜிஞ்சர்'). யோசனையில் நம்ம கோயமுத்தூர்க்காரர் சி.கே. பிரகலாதுக்கும் பங்குண்டு.

2008-ல் இரண்டு அடி. மே மாதம் விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போனது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து, கம்பெனிகள் பயணச் செலவில் கை வைத்தன. நல்ல காலத்தில் திட்டம் போட்ட ஓட்டல்கள் ஒவ்வொன்றாகத் திறந்ததோ அதற்கப்புறம்தான். ஓட்டல் தொழிலின் தலையெழுத்தே இதுதான் என்பேன். வாடகை ஏறும்போது அஸ்திவாரம், இறங்கும்போது திறப்பு விழா. 2008-ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி பிற்பாடு இங்கே வந்தபோது, வீட்டில் தங்குவது பெங்களூருக்குப் புதுசே இல்லை.

சரி, நம்ம ஃபிளாட்? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' திட்டத்தில் பதிய, சொந்தக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். கடல் கடந்து இருக்கும் நமக்கு அந்தக் கதவு மூடியாச்சு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கணும். அதை அங்கே யார் செய்வது? மச்சானா, வாட்ச்மேனா? ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு வரும் முகம் தெரியாதவரைப் பார்த்து எதிர் வீட்டுப் பாட்டி பயந்தால், அசோசியேஷன் போன் போடுவது உங்களுக்குத்தான்.