பங்காளி மருந்துகள்: முடக்குவாத சிகிச்சையில் மருந்து மோதலின் வரலாறு

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் மீனவர் ஊர் வீராம்பட்டினம். அங்கே ஒருவருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்ததும் கையை மடக்க முடியாமல் போனால், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது அரிது. முதலில் மெடிக்கலில் வலி மாத்திரை, அடுத்து பக்கத்துக் கிளினிக்கில் ஊசி. மாதங்கள் கழிந்து வலி தீராதபோதுதான் நகரின் மறுகோடியில், கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்குப் பயணம். அங்கே முடக்குவாதம் என்று உறுதியானால், சீட்டில் பெரும்பாலும் முதலில் ஏறுவது மெதோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே ஒரு நாள். கூடவே வேறொரு நாளுக்கு ஃபோலிக் அமில மாத்திரை.

ஜிப்மர் சீட்டு கைக்கு வந்த பிறகும் மெடிக்கலும் கிளினிக்கும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. நீர்க்கடுப்புக்கு ஒருவர் மருந்து எழுதுவார், யூரிக் அமிலத்துக்கு இன்னொருவர் எழுதுவார். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இப்படிச் சேரும் மருந்துகளில் சில, உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் முடக்குவாத மருந்தோடு மோதி எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். இந்த மோதல்களை எதிர்பாராத விபத்தாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மருந்துகளின் பிறப்பு வரலாற்றைப் பின்தொடர்ந்தால் வேறொன்று தெரிகிறது. மிகக் கொடிய இரண்டு மோதல்களும் பங்காளிச் சண்டைகள். மோதும் மருந்துகள் ஒரே ஆராய்ச்சி மரபில் பிறந்தவை.

அந்த மரபின் ஒரு வேர் நம் மண்ணில் இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகைக் கடும் ரத்தசோகைக்குக் காரணம் தேடுவது அவர் வேலை. குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்திலும், சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் அன்றைய கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணியாற்றினார். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் அந்த ரத்தசோகை தீர்கிறது என்று 1931இல் எழுதினார். அதிலிருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்துப் பெயரிட்டது 1941இல், அமெரிக்காவின் டெக்சாஸில்.

கோஷா ஆஸ்பத்திரி இருக்கும் அதே திருவல்லிக்கேணியில், இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் உடுத்தியதால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். பிறகு ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் வழிநடத்திய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதே குழு அடுத்து அந்தச் சத்தின் உருவத்தைச் சற்றே மாற்றி, அதைப் போலவே தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் போலிகளையும் செய்தது. அப்படி வந்த அமினோப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, தற்காலிகமாக நோய் தணிந்ததை 1948 ஜூனில் வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் உடன்பிறப்பே மெதோட்ரெக்சேட்.

புற்றுநோய் மருந்து மூட்டுக்கு வந்த கதை மெதுவாக நடந்தது. 1951இல் ரிச்சர்ட் குப்னர் அமினோப்டெரினை முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார். ஆனால் முந்தைய ஆண்டுதான் மூட்டு வீக்கத்தைத் தணிக்கும் கார்டிசோனுக்கு நோபல் பரிசு கிடைத்திருந்தது. மருத்துவ உலகம் அந்த ஒளியிலேயே நின்றுவிட்டது. மைக்கேல் வைன்பிளாட் குழுவின் மெதோட்ரெக்சேட் ஒப்பீட்டு ஆய்வு 1985இல் வெளிவந்த பிறகே நிலைமை மாறியது. 1988இல் அமெரிக்கா முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட்டை அங்கீகரித்தது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவோடு பார்த்தால் முடக்குவாதத்துக்கான அளவு மிகக் குறைவு, அதுவும் வாரம் ஒருமுறை. அந்த இடைவெளிதான் நோயாளிக்குக் காப்பு. தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை என்று தவறாக எண்ணிச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

இனி மரபின் மற்றொரு கிளை. நியூயார்க் அருகே பரோஸ் வெல்கம் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் 1940களிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: உயிரணு பெருகத் தேவையான மூலப்பொருள்களைப் போலியால் ஏமாற்ற முடியுமா? அந்தக் கேள்வியிலிருந்து மலேரியாவுக்குப் பைரிமெத்தமினும், கிருமித் தொற்றுக்கு டிரைமெத்தோபிரிமும் வந்தன. டிரைமெத்தோபிரிமைச் சல்ஃபா மருந்தோடு சேர்த்ததுதான் நம் ஊரில் செப்ட்ரான் என்று அறியப்படும் மாத்திரை.

ஃபோலிக் அமிலம் உடலில் பயன்பட ஒரு நொதி வேண்டும். மெதோட்ரெக்சேட் பூட்டுவது அந்த நொதியைத்தான். டிரைமெத்தோபிரிம் கிருமியிடம் உள்ள அதே வகை நொதியைப் பூட்டுகிறது. மனித நொதியை அது லேசாகத்தான் தொடும். ஆரோக்கியமானவருக்கு அதனால் கேடில்லை. மெதோட்ரெக்சேட் ஏற்கெனவே அரைவயிற்றில் வைத்திருக்கும் மஜ்ஜைக்கோ அந்த லேசான தொடலே போதும். போதாததற்குச் சல்ஃபா, சிறுநீரகம் மெதோட்ரெக்சேட்டை வெளியேற்றும் வழியை மறிக்கிறது. விளைவாக வெள்ளணு, சிவப்பணு, தட்டணு எல்லாமே ஒரே நேரத்தில் சரியும். முதல் அறிகுறி பெரும்பாலும் வாய்ப்புண். அதைச் சூட்டுப் புண் என்று எண்ணி நாள் கடத்திவிடுவது நம்மிடையே சகஜம். நேரத்தில் கண்டுகொண்டால் ஃபோலிக் அமிலத்தின் இன்னொரு வடிவமான ஃபோலினிக் அமிலம் கொடுத்து மீட்கலாம். இந்த இரு மருந்துகளையும் சேர்க்கக்கூடாது என்பது தெளிவாக அறியப்பட்டு பல பத்தாண்டுகள் ஆகியும் இப்படி ஓர் உயிர் போவது ஏற்கத்தக்கதே அல்ல.

இரண்டாவது மோதல் இன்னும் வியப்பானது. எலியனும் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின் ரத்தப்புற்றுநோய்க்குப் பயன்பட்டது. அதன் திருந்திய வடிவமான அசாதயோப்ரின் சிறுநீரக மாற்றுக்கும் பிறகு முடக்குவாதத்துக்கும் வந்தது. உடலில் ஒரு நொதி 6-மெர்காப்டோபியூரினைச் சீக்கிரம் சிதைத்துவிடுவதைக் கண்ட அவர்கள், அந்த நொதியைத் தடுக்கவென்றே அல்லோபியூரினாலைக் கையிலெடுத்தார்கள். மருந்தின் வீரியத்தை ஏற்றுவதே அன்று அதற்கு இட்ட வேலை. அதே நொதிதான் யூரிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது என்பதால், 1960களில் அது கவுட் நோய்க்கான மருந்தாயிற்று. இன்று அசாதயோப்ரின் சாப்பிடும் ஒருவருக்கு யூரிக் அமிலம் கூடியிருக்கிறதென்று அல்லோபியூரினால் எழுதினால், ஆய்வகத்தில் திட்டமிட்டு வடிவமைத்த அந்த வினைதான் நோயாளியின் உடலில் திட்டமில்லாமல் நடக்கிறது. சேர்த்தே கொடுத்தாக வேண்டுமென்றால் அசாதயோப்ரினை மூன்றில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ குறைக்க வேண்டும். எலியனும் ஹிட்சிங்ஸும் நோபல் பரிசு பெற்றது 1988இல். மெதோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கு அங்கீகாரம் பெற்றதும் அதே ஆண்டில்தான்.

வலி மாத்திரைகளின் கணக்கு வேறு. 1986இல் 'லான்செட்' இதழில், புற்றுநோய்க்கு மிகுந்த அளவில் மெதோட்ரெக்சேட் பெற்றவர்கள் கீட்டோப்ரோஃபெனோடு சேர்ந்து உயிராபத்துக்கு உள்ளானது பதிவாயிற்று. முடக்குவாதத்தின் சிறிய அளவோடு வலி மாத்திரையை மருத்துவர்களே சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. நாள் முழுக்க வெயிலில் கடலில் இருந்து நீர்ச்சத்து வற்றியவருக்கும் வயதானவருக்கும் இது பொருந்தாது. சாராயம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மெதோட்ரெக்சேட்டும் மதுவும் ஒரே கல்லீரலைத்தான் பதம் பார்க்கின்றன.

நம் நாட்டில் இந்த வரலாற்றோடு காசநோயும் சேர்ந்துகொள்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளியை வீட்டில் வைத்தே குணமாக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது. பின்னால் வந்த ரிஃபாம்பிசின் சிகிச்சைக் காலத்தைக் குறுக்கியது. ஆனால் அது கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டான பிரட்னிசோலோன் வேகமாகச் சிதைந்து மூட்டு வீக்கம் திரும்பும். முடக்குவாதத்துக்கான புதிய மாத்திரையான டோஃபாசிடினிபின் அளவோ ரத்தத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் சரிகிறது. மறுபக்கம், 1999இல் முடக்குவாதத்துக்கு வந்த இன்ஃபிளிக்சிமாப் ஊசி, உடலில் உறங்கும் காசநோயை எழுப்பியது. 2001இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை 70 பேரைக் கணக்கில் காட்டியது. ஊசிக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரேயும் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ கேட்கப்படுவது இதனால்தான்.

புதுச்சேரிக்கு இதில் தன் பங்கு உண்டு. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் 1964இல் இன்றைய பெயர் பெற்றது. அங்கே நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்கள், முடக்குவாதம் கண்ட தென்னிந்தியத் தமிழரிடம் மெதோட்ரெக்சேட் எப்படி வேலை செய்கிறது, யாருக்குப் பக்கவிளைவு வருகிறது என்பதை, ஃபோலிக் அமிலத்தைக் கையாளும் மரபணுக்களின் வேறுபாடுகளோடு வைத்துப் பார்த்து ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார்கள். ஆய்வு அந்த அளவுக்கு நுணுகிப் போயிருக்கிறது. வீராம்பட்டினத்து நோயாளிக்கு இன்றே கைகொடுப்பது அதைவிட எளிய வேலை: மெதோட்ரெக்சேட், அசாதயோப்ரின், பிரட்னிசோலோன் அல்லது டோஃபாசிடினிப் எடுப்பவர் என்பதைச் சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதி, செப்ட்ரான், அல்லோபியூரினால், ரிஃபாம்பிசின் ஆகிய மூன்று பெயர்களையும் அதன் கீழே குறித்து, மெடிக்கல் கடைக்காரரிடமும் கிளினிக் மருத்துவரிடமும் அதை முதலில் நீட்டச் சொல்லிக்கொடுப்பது.