வளர்ப்புப் பெற்றோர்: இலக்கணம், வகை, படிநிலை

1. சொல்லும் வரையறையும்

‘வளர்ப்புத் தாய்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள்பட வழங்குகிறது. தத்தெடுத்தவளையும் அப்படிச் சொல்கிறோம்; பிறர் பிள்ளையைச் சில காலம் தன் வீட்டில் வைத்துக் காத்தவளையும் அப்படியே சொல்கிறோம். பேச்சு வழக்கில் இம்மயக்கத்தால் கேடில்லை. அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கச் செல்பவருக்கு அது பெருங்கேடு. தமக்கென ஒரு பிள்ளை வேண்டி வந்தவர், திருப்பிக் கொடுக்க வேண்டிய பிள்ளையை ஏற்றுக்கொண்டு பின்னர் வருந்த நேரும். ஆகவே சொல்லை முதலில் வரையறுப்போம்.

இந்தியாவில் இப்பொருளுக்கு அடிப்படையாக உள்ளது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம். அது 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின் கருத்தைத் தொகுத்தால் கிடைக்கும் வரையறை இது: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை, அதன் பிறப்புக் குடும்பம் அல்லாததும், தேர்ந்து, தகுதி கண்டு, ஏற்பளித்து, மேற்பார்க்கப்படுவதுமான ஒரு குடும்பத்தின் இல்லச் சூழலில், மாற்றுப் பராமரிப்புக்காகக் குழந்தைகள் நலக் குழு ஒப்படைப்பது ‘வளர்ப்புப் பராமரிப்பு’ ஆகும்.

இவ்வரையறை குன்றக் கூறவும் இல்லை, மிகைபடக் கூறவும் இல்லை. ‘இல்லச் சூழல்’ என்றதனால் காப்பகம் விலகியது. ‘பிறப்புக் குடும்பம் அல்லாதது’ என்றதனால், பெற்றோர் வீட்டிலேயே குழந்தையை வைத்துப் பண உதவி செய்வது விலகியது. ‘ஒப்படைப்பது’ என்றதனால் தத்து விலகியது. தத்தில் பிறப்புக் குடும்பத்தோடுள்ள சட்டத் தொடர்பு அற்று, புதிய குடும்பத்தோடு நிலையான உறவு பிறக்கிறது. இங்கே அத்தொடர்பு அறுவதில்லை. குழந்தை வேறு வீட்டில் வளர்கிறது. யாருடைய பிள்ளை என்பது மாறுவதில்லை. இனிக் கூறப்போகும் வகையும் தகுதியும் படிநிலையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

2. வகைகள்

காலம் பற்றி இது இரு வகைப்படும். ஓராண்டுக்கு மேற்படாதது குறுங்காலப் பராமரிப்பு. அதற்கு மேற்பட்டது நெடுங்காலப் பராமரிப்பு. இடம் பற்றியும் இரு வகை உண்டு. ஒரு குடும்பத்தின் வீட்டில் நடப்பது குடும்ப வளர்ப்பு. பெற்றோர் துணையற்ற குழந்தைகள் சிலரை, குடும்பம் போன்ற அமைப்பில், தக்க பராமரிப்பாளர் பொறுப்பில் வைப்பது குழு வளர்ப்பு. நம் ஆய்வு குடும்ப வளர்ப்பைப் பற்றியது.

3. காரணங்கள்

குழந்தை இந்நிலைக்கு வரும் காரணங்களை இரண்டாகத் தொகுக்கலாம். முதலாவது, பெற்றோர் இருந்தும் வளர்க்க இயலாமை: தீராத நோய், சிறைவாசம், வன்கொடுமை முதலியன. இங்கே பெற்றோரைத் தகுதியற்றவர் அல்லது இயலாதவர் என்று முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழு. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வருமாக அமைவது அக்குழு. உறுப்பினருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, காப்பகத்தில் வளர்ந்தும் தத்துக் குடும்பம் அமையாமை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, தத்துக்கு வழி இருப்பின் அதையே முதலில் நாட வேண்டும் என்பது நெறி. எனவே நெடுங்கால வளர்ப்புக்கு வருபவர் பெரும்பாலும் ஆறு வயது கடந்தவர். தத்துக்குரியது எனக் குழு கருதும் குழந்தையை நெடுங்கால வளர்ப்புக்குத் தரலாகாது என்று சட்டத்தின் 44-ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடுக்கிறது. இத்தடையின் நோக்கம் தெளிவு: நிலையான வீடு கிடைக்கக்கூடிய குழந்தைக்குத் தற்காலிக வீட்டைத் தந்து நிறுத்திவிடக் கூடாது.

4. தகுதி

தகுதியைப் புறத்தகுதி, அகத்தகுதி எனப் பிரிக்கிறோம். ஆவணத்தால் காட்டக்கூடியது புறத்தகுதி. குடியுரிமை, உடல்நலம், போதிய வருமானம், இடவசதி, குற்றத் தண்டனை இன்மை ஆகியன இதில் அடங்கும். 2024-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட திருத்திய மாதிரி நெறிமுறைகள் இதில் சில மாறுதல்களைச் செய்தன. இணையர் எனில் ஈராண்டு நிலைத்த இல்லறம் வேண்டும். இருவர் வயதும் சேர்ந்து 70-க்குக் குறையக் கூடாது. தனித்து வாழ்பவரும் 35 வயது நிரம்பினால் விண்ணப்பிக்கலாம். தனித்த பெண் எப்பாலினக் குழந்தையையும் வளர்க்கலாம். தனித்த ஆணிடம் ஆண் குழந்தையை மட்டுமே ஒப்படைப்பர்.

அகத்தகுதியைத் திறன், நோக்கம், ஆற்றல், முன்பட்டறிவு என்னும் நான்கு சொற்களில் 44-ஆம் பிரிவு அடக்குகிறது. இவற்றுள் நோக்கமே அறிதற்கு அரிது. மாதம் ஒரு குழந்தைக்கு 4,000 ரூபாய் வழங்க ‘மிஷன் வாத்சல்யா’ திட்டம் வகை செய்கிறது. அத்தொகை குழந்தையின் செலவுக்கு, வளர்ப்பவருக்கு ஊதியமன்று. பணத்துக்காக வருபவரை இனங்காண்பது ஓரளவு எளிது. பிள்ளைப் பாசத்தால், விட்டுக் கொடுக்கும் எண்ணமே இன்றி வருபவரை இனங்காண்பது கடினம். ஏனெனில் அவரிடம் காணப்படுவது குற்றமன்று, அன்பு.

5. படிநிலைகள்

முதற்படி விண்ணப்பம். இணையவழிப் பதிவுக்கு இப்போது வழியுண்டு. மாவட்டத்தில் இதற்குப் பொறுப்பானது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

இரண்டாம் படி ‘இல்ல ஆய்வு’. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, வீட்டார் அனைவரோடும் பேசி, வாழும் முறையை நேரில் கண்டு எழுதும் அறிக்கை இது. குழந்தை எங்கே உறங்கும், வீட்டுப் பிள்ளைகள் புதிய பிள்ளையை எவ்வாறு ஏற்பார்கள், பெரியவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பன ஆவணத்தில் தெரியாதவை. கூடத்தில் உட்கார்ந்து பேசினால் தெரிபவை. இதற்கு இணையாகக் குழந்தையைப் பற்றி எழுதப்படுவது ‘குழந்தை ஆய்வு’.

மூன்றாம் படி ‘பொருத்தம் காணல்’: ஏற்பளித்த குடும்பங்களுள் இக்குழந்தைக்கு ஏற்றது எது என இரண்டு அறிக்கைகளையும் வைத்து நோக்குவது. வரிசையில் முன்னிற்கும் குடும்பத்துக்கு ஒரு குழந்தையைத் தேடுவது இதன் வேலையன்று. குழந்தைக்குக் குடும்பம் தேடுவதே வேலை. உடன்பிறந்தோரைப் பிரிக்காதிருக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும்; குழந்தையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும்.

நான்காம் படி ஆணை. குடும்பம் தகுதியுடையதா என்பதை அலகு ஆராய்கிறது. ஒப்படைக்க ஆணையிடுவது குழு. ஏற்புப் பெற்ற குடும்பத்துக்கு அதனாலேயே ஒரு குழந்தை உரித்தாகி விடுவதில்லை. ஆணையோடு குடும்பம் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியால் கல்வி, உடல்நலம், ஊட்டம் ஆகிய பொறுப்புகள் அதைச் சேர்கின்றன.

ஐந்தாம் படி மேற்பார்வை. மாதந்தோறும் குழு ஆய்வு நடத்த வேண்டும். குறை கண்டால் குழந்தையை வேறு குடும்பத்துக்கு மாற்றலாம்.

6. முடிவுகள்

வளர்ப்பு மூன்று வழிகளில் முடியலாம். குழந்தைக்கு 18 வயது நிரம்புவது ஒன்று. தத்துக்கு உரியதெனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டபின், வளர்த்த குடும்பமே தத்தெடுப்பது மற்றொன்று. அதற்கு ஐந்தாண்டு வளர்த்திருக்க வேண்டும் என்ற முன்னைய வரம்பை 2024 நெறிமுறைகள் ஈராண்டாகக் குறைத்தன. பெற்றோர் தகுதி மீண்டுவிட்டதெனக் குழு கண்டு, குழந்தை வீடு திரும்புவது மூன்றாவது. சட்டம் முதன்மையாக நாடுவது இம்மூன்றாவதையே. இடைக்காலத்தில் பெற்றோர் வந்து குழந்தையைக் காணவும் அது இடம் தருகிறது.

இங்கே ஒரு வெற்றிடம் உள்ளது. பெற்றோர் வந்து காண்பதைச் சொல்லும் 44-ஆம் பிரிவில், குழந்தை திரும்பியபின் வளர்த்தவர் சென்று காண்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம் அகமரபு இவ்விடத்தை அறிந்திருந்தது. நற்றாய், செவிலி என இரு தாயரைப் பிரித்து வைத்த அம்மரபில், தலைவி உடன்போக்கில் சென்றபோது நற்றாய் மனையில் இருந்து வருந்துகிறாள். சுரத்து வழியில் எதிர்ப்பட்டோரை வினவியபடி தேடிச் செல்பவள் செவிலி. வளர்த்தலால் வரும் துயர் தனியொரு துயர் என்பதை அம்மரபு இலக்கணமாகவே வகுத்தது.

ஆதலின் இல்ல ஆய்வில் ஒரு வினாவைச் சேர்க்க வேண்டும் என்பது நம் முடிபு: இக்குழந்தை போகும் நாளில் அதன் பையில் எவற்றை வைத்து அனுப்புவீர்கள்? பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, மாத்திரை நேரம், இருட்டுக்கு அஞ்சும் என்ற குறிப்பு என்று ஒருவர் எண்ணிச் சொல்லத் தொடங்கினால், அவரிடம் நாம் தேடிய நோக்கம் இருக்கிறது.