கேரவன் கருவிப்பெட்டி

படுக்கை, சமையலறை, கழிப்பறை கொண்ட பயண வண்டி நடுவழியில் பழுதானால் சரிசெய்ய உடன் கொண்டுசெல்லும் கருவிகளின் தொகுப்பு. கேரள அரசு 2021-இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தபின் இவ்வண்டிகள் அம்மாநிலச் சுற்றுலாவில் இடம்பெறலாயின.

உள்ளடக்கம்: வண்டியின் எடையைத் தாங்கும் ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்பேனர் செட், ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளையர், மல்டிமீட்டர், பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், ஜம்பர் கேபிள், டார்ச், எச்சரிக்கை முக்கோணம். தண்ணீர்க் குழாய்க்கு டெஃப்லான் டேப்பும் ஹோஸ் கிளிப்பும் வேண்டும். சமையல் எரிவாயுக் கசிவைச் சோப்பு நுரையால் கண்டறியலாம், தீக்குச்சி கூடாது.

மின் பழுது: பிளேடு ஃபியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே அளவே போடவேண்டும். கம்பி சுற்றினால் தீப்பிடிக்கும்.

உப்புக்காற்று: கொச்சியை அடுத்து, காயல் சூழ்ந்த கும்பளங்கி போன்ற ஊர்களில் நட்டுகள் துருப்பிடிக்கும், பேட்டரி முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி படியும். எனவே துருநீக்கி ஸ்பிரே, கம்பி பிரஷ், வாசலின் ஆகியவையும் தேவை. முனைகளைச் சுத்தம் செய்யும்போது நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டவேண்டும்.

பிரேக், ஸ்டியரிங் பழுதுகள் இப்பெட்டியால் தீர்பவை அல்ல. அவற்றுக்கு மெக்கானிக்கையே அழைக்கவேண்டும்.