கம்பியில் கோளாறு இல்லை! (கேபிள் - டி.எஸ்.எல். போட்டியின் கதை)

"கேபிள் மோடம் வாங்குவதா, டி.எஸ்.எல். வாங்குவதா?" 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில், டயல்-அப் மோடத்தின் கீச்சொலி கேட்டுச் சலித்துப் போனவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி இது. எது வேகம், எது அடிக்கடி அறுந்து போகாது, கெட்டுப்போனால் யார் வந்து சரி செய்வார்கள் என்பதற்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஆனால் 2001-இல் நடந்த இரண்டு சம்பவங்கள் அந்தக் கேள்வியையே புரட்டிப் போட்டுவிட்டன. அதற்கு முன் இரண்டு கம்பிகளையும் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு கம்பிகள்

தொலைபேசியில் பேசும் குரலுக்கு சுமார் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்கள் போதும். செம்புக் கம்பியோ அதற்கு மேலும் தாங்கும். காலியாகக் கிடந்த அந்த மேல் பகுதியில் தகவலை அனுப்புவதுதான் டி.எஸ்.எல். வீட்டுக்கு வரும் தகவலுக்கு அதிக இடமும், வீட்டிலிருந்து போகும் தகவலுக்குக் குறைந்த இடமும் ஒதுக்கினால் பக்கத்துக் கம்பிகளின் இரைச்சல் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது என்பதை 1980-களின் இறுதியில் பெல்கோர் நிறுவனத்தின் ஜோசப் லெக்லைடர் கண்டு சொன்னார். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் சியோஃபியின் குழு அதை நடைமுறையில் வேகமாக ஓட வைத்தது. இதன் பலவீனம் தூரம். எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 18,000 அடி (5.5 கி.மீ.) தாண்டிவிட்டால் இணைப்புக் கிடைப்பதே கஷ்டம்.

கேபிள் கம்பி டி.வி.க்காகப் போடப்பட்டது. படம் வீட்டுக்கு வந்தால் போதும், எதுவும் திரும்பிப் போக வேண்டியதில்லை! எனவே அதை இருவழிப் பாதையாக மாற்றக் கேபிள் கம்பெனிகள் நிறையச் செலவு செய்தன. எல்லா மோடங்களுக்கும் பொதுவான டாக்சிஸ் தரம் 1997-இல் வெளியானது. இங்கே பலவீனம் பங்கீடு. ஒரு பகுதியிலுள்ள நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே கம்பியின் கொள்ளளவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

தொலைபேசிக் கம்பெனிகள் இதைச் சும்மா விடுமா? மாலை நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து உங்கள் வேகத்தைத் தின்றுவிடுவார்கள் என்று விளம்பரம் செய்தன. உங்கள் வீடு எக்ஸ்சேஞ்சிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேபிள் தரப்பு திருப்பிக் கேட்டது. இரண்டு தரப்பும் சொன்னது பாதி உண்மை.

2001: இரண்டு இருட்டடிப்புகள்

1996-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தொலைபேசிக் கம்பெனிகளின் கம்பியைப் புதியவர்களும் வாடகைக்கு எடுக்க வழி செய்தது. நார்த்பாயின்ட், கோவாட், ரிதம்ஸ் என்று புதிய மொத்த வியாபாரிகள் முளைத்தார்கள். ஆக, ஒரு வீட்டின் டி.எஸ்.எல். இணைப்புக்குப் பின்னால் மூன்று பேர். மாதக் கட்டணம் வாங்குவது ஒரு சேவை நிறுவனம், எக்ஸ்சேஞ்சில் கருவி வைத்திருப்பது நார்த்பாயின்ட் போன்ற ஒருவர், கம்பி பழைய தொலைபேசிக் கம்பெனியுடையது. இணைப்பு போனால் முதலாமவர் இரண்டாமவரைக் கேட்பார், இரண்டாமவர் மூன்றாமவரைக் கேட்பார். வாடிக்கையாளர் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

நார்த்பாயின்ட்டோடு இணைவதாக இருந்த வெரைசன் 2000 நவம்பரில் பின்வாங்கியது. 2001 ஜனவரியில் நார்த்பாயின்ட் திவாலானது. அதன் கருவிகளை ஏ.டி. அண்ட் டி. 13.5 கோடி டாலருக்கு வாங்கியது, வாடிக்கையாளர்களை அல்ல! மார்ச் மாத இறுதியில் சுமார் 1 லட்சம் இணைப்புகள் நின்றுபோயின. அவர்கள் கட்டணம் கட்டி வந்தது வேறு நிறுவனங்களுக்கு. நார்த்பாயின்ட் என்ற பெயரையே பலர் அப்போதுதான் கேள்விப்பட்டிருப்பார்கள்.

"அப்படியானால் கேபிள்தான் நல்லது" என்று நினைத்தவர்களுக்கு அதே வருடம் டிசம்பரில் அடி விழுந்தது. கேபிள் கம்பெனிகள் பலவும் இணையச் சேவையை அட் ஹோம் என்ற நிறுவனத்திடம் விட்டிருந்தன. 1996-இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் சேவையைத் தொடங்கிய இந்த நிறுவனம், 1999-இல் எக்ஸைட் என்ற இணைய வாசலைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது. இணைய விளம்பர வருமானம் சரிந்ததும் கடன் கழுத்தை நெரித்தது. 2001 இலையுதிர் காலத்தில் திவால் மனு போட்டது. நவம்பர் 30 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ திவால் நீதிமன்றம் பழைய ஒப்பந்தங்களை முறித்துக்கொள்ள அனுமதி தந்தது. மறுநாளே ஏ.டி. அண்ட் டி.யின் சுமார் 8.5 லட்சம் கேபிள் வாடிக்கையாளர்களின் இணையம் நின்றது. சில நாட்களுக்குள் அவர்களைத் தன் சொந்த வலையமைப்புக்கு அந்தக் கம்பெனி மாற்றிவிட்டது. ஆனால் அட் ஹோம் தந்திருந்த மின்னஞ்சல் முகவரிகள் போயே போயின.

இரண்டு தடவையும் செம்புக் கம்பி அறுந்து போகவில்லை. கேபிளில் இரைச்சல் புகவில்லை. தூரமும் காரணமில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் காரணமில்லை. பணம் வாங்குபவர் ஒருவர், வேலையை நடத்துபவர் வேறொருவர் என்று பொறுப்பு பிரிந்து கிடந்ததுதான் காரணம்.

பாடமும் விலையும்

அதன்பின் கேபிள் கம்பெனிகள் தாங்களே இணையச் சேவையை நடத்த ஆரம்பித்தன. டி.எஸ்.எல்.லிலும் பழைய தொலைபேசிக் கம்பெனிகளே நிலைத்தன. கெட்டுப்போனால் கேட்க ஒரே இடம். நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. குரல் ஓடும் அதே கம்பியில் போட்டியாளர்களும் குறைந்த வாடகைக்கு டி.எஸ்.எல். தரலாம் என்ற விதியை மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2003-இல் கைவிட்டது. கேபிள் கம்பெனிகள் மற்ற சேவை நிறுவனங்களுக்குத் தங்கள் கம்பியைத் திறந்துவிட வேண்டியதில்லை என்ற நிலையை 2005 ஜூனில் பிராண்ட் எக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. விளைவு? பல ஊர்களில் ஒரு தொலைபேசிக் கம்பெனி, ஒரு கேபிள் கம்பெனி, அவ்வளவுதான். யாரைக் கேட்பது என்பது தெளிவானது. ஆனால் அவர் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் வேறு எங்கே போவது என்பது தெளிவாக இல்லை.

பழைய விளம்பரச் சண்டைக்கும் பிறகு ஒரு தீர்ப்பு வந்தது. 2011-இல் எஃப்.சி.சி. அளந்து பார்த்தபோது, நெரிசல் நேரத்தில் டி.எஸ்.எல். தான் வாக்களித்த பதிவிறக்க வேகத்தில் சராசரியாக 82 சதவீதம் தந்தது. 'பக்கத்து வீட்டுக்காரர் தின்றுவிடுவார்' என்ற கேபிள் 93 சதவீதம் தந்தது! புதிதாக வந்த ஃபைபரோ வாக்களித்ததை விட அதிகமாகவே தந்தது. 2020 அக்டோபரில் ஏ.டி. அண்ட் டி. புதிய டி.எஸ்.எல். இணைப்பு கொடுப்பதையே நிறுத்திவிட்டது.

கம்பிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் 2001-இல் இணையம் நின்றுபோன அந்த லட்சக்கணக்கான வீடுகள் சொல்லிக்கொடுத்த கேள்வி பழசாகவில்லை: இணைப்பு நின்றால் பொறுப்பு யாருடையது? அவர் கைவிட்டால் அடுத்த கதவு இருக்கிறதா? வேகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.